பக் சரியாகிவிட்டதாம், நமக்கு எப்போது வரும்? – வாசகர் கேள்வி பதில்

கம்பைலர், ரன்டைம், எடிட்டர், லைப்ரரி என்று நிரலாளர்கள் தினமும் புழங்கும் கருவிகளில் உள்ள பக்குகளுக்கு, அதாவது நிரல் பிழைகளுக்கு, திருத்தம் எப்படி வந்து சேர்கிறது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கட்டளைகளை ஒலிப்படி அச்சிட்டிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

கேள்வி: ஜி.சி.சி. கம்பைலரில் ஒரு பக்கைக் கண்டுபிடித்துப் புகார் பதிந்தேன். இரண்டே நாளில் ‘சரிசெய்யப்பட்டது’ என்று மூடிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து அப்டேட் செய்து பார்த்தால் பக் அப்படியே இருக்கிறது. சும்மா பேச்சுக்குச் சொல்கிறார்களா?

சும்மா சொல்லவில்லை. அவர்கள் சரிசெய்தது மூல நிரலின் முதன்மைக் கிளையில். புகாரை மூட அது போதும், உங்கள் கணினிக்கு வந்து சேர அது போதாது. அந்தத் திருத்தத்தை யாராவது ரிலீஸ் கிளைக்கு எடுத்து ஒட்ட வேண்டும். அந்தக் கிளையிலிருந்து புதுப் பதிப்பு வெளியாக வேண்டும். அதை லினக்ஸ் விநியோகத்தாரோ இன்ஸ்டாலர் கட்டுபவரோ பொதியாக்க வேண்டும். அதன் பிறகுதான் உங்கள் அப்டேட் கட்டளையின் கண்ணில் அது படும். இதில் எந்தக் கைமாற்றத்திலும் திருத்தம் மாதக்கணக்கில் தேங்கலாம்.

ஜி.சி.சி.யில் 14.1 என்பது அந்த வரிசையின் முதல் வெளியீடு. 14.0 என்று ஒன்று வெளியாவதே இல்லை, அது உருவாக்கத்தின்போது வைத்திருக்கும் எண். 14.2, 14.3 போன்றவை திருத்தங்களுக்காகவே வருபவை. 14.2 வந்தது 2024 ஆகஸ்டில், 14.3 வந்தது 2025 மே மாதத்தில். நடுவில் ஒன்பது மாதத்துக்கு மேல் இடைவெளி. போதாக்குறைக்கு, முன்பு ஒழுங்காக வேலை செய்து பிறகு கெட்டுப்போன விஷயங்களுக்கான திருத்தங்களைத்தான் பெரும்பாலும் ரிலீஸ் கிளைக்குள் விடுவார்கள். பிறந்ததிலிருந்தே கோணலாக இருந்த பக் என்றால் அடுத்த பெரிய பதிப்புக்குத் தள்ளிவிடுவார்கள். உங்கள் புகார்ப் பக்கத்திலேயே ‘டார்கெட் மைல்ஸ்டோன்’ என்று ஒரு கட்டம் இருக்கும். முதலில் அந்த எண்ணைப் பாருங்கள். நீங்கள் வைத்திருப்பது 14 வரிசை, அங்கே 15.1 என்றிருந்தால், 14 வரிசையில் எத்தனை அப்டேட் செய்தாலும் அது வரப்போவதில்லை.

எந்தக் கருவிக்கும் பொருந்தும் சோதனை ஒன்று உண்டு. புகாரின் கடைசியில் கமிட் எண் (அந்த மாற்றத்தின் அடையாள எண்) இருக்கும். கருவியின் மூல நிரலைக் குளோன் செய்துகொண்டு ‘கிட் டேக் --கன்டெய்ன்ஸ்’ என்று தட்டி அந்த எண்ணைக் கொடுத்தால், எந்தெந்த வெளியீட்டில் அந்தக் கமிட் இருக்கிறது என்று பட்டியல் வரும். இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று: ரிலீஸ் கிளைக்கு செர்ரி-பிக் செய்தால் (அந்த ஒரு மாற்றத்தை மட்டும் எடுத்து ஒட்டினால்) கமிட் எண் மாறிவிடும். பழைய எண்ணைக் கொண்டு தேடினால் ‘எதிலும் இல்லை’ என்றே காட்டும், திருத்தம் உள்ளே இருந்தாலும்கூட. அதனால் ரிலீஸ் கிளையின் கமிட் வரலாற்றில் புகார் எண்ணைக் கொண்டும் ஒருமுறை தேடுங்கள். ஒழுங்கான திட்டங்களில் ‘செர்ரி-பிக்டு ஃப்ரம் கமிட்’ என்ற வரியோடு பழைய எண்ணும் கமிட் செய்தியிலேயே இருக்கும்.

ரஸ்ட் மொழியில் கணக்கு இன்னும் தெளிவு. ஆறு வாரத்துக்கு ஒருமுறை முதன்மைக் கிளையிலிருந்து பீட்டா பிரியும். அது இன்னொரு ஆறு வாரம் ஊறி ஸ்டேபிள் ஆகும். பீட்டா பிரிந்த மறுநாள் உங்கள் திருத்தம் சேர்ந்தால் பன்னிரண்டு வாரம் காத்திருக்க வேண்டும், பிரிவதற்கு முந்தின நாள் சேர்ந்தால் ஆறே வாரம். அவசரமானவற்றை மட்டும் நேரே பீட்டாவுக்கோ, 1.எத்தனையோ.1 என்று ஒரு குட்டி வெளியீடாகவோ அனுப்புவார்கள். அதுவரை பொறுக்க முடியாதவருக்கு முதன்மைக் கிளையிலிருந்து தினமும் கட்டும் நைட்லி இருக்கிறது. திருத்தம் வேலை செய்கிறதா என்று சோதிக்க அது நல்ல இடம், வாடிக்கையாளருக்குக் கட்டிக் கொடுக்க அல்ல.

கேள்வி: உபுண்டு 22.04 சர்வரில் பைத்தான் 3.10.12 இருக்கிறது. பைத்தான் தளத்தில் 3.10 வரிசையில் அதற்கும் மேலான எண்கள் வந்துவிட்டன. தணிக்கைக்கு வந்தவர், ‘பாதுகாப்புத் திருத்தம் இல்லாத பழைய பதிப்பு’ என்று சிவப்பில் எழுதிவிட்டுப் போய்விட்டார். ஆப்ட் அப்கிரேட் கொடுத்தால் புதிதாக ஒன்றும் இல்லை என்கிறது. யார் சொல்வது சரி?

ஆப்ட் சொல்வது சரி. தணிக்கைக்காரரின் ஸ்கேனர் எண்ணை மட்டும் பார்த்திருக்கிறது.

உபுண்டு, டெபியன், ரெட் ஹாட் போன்றவை ஒரு வெளியீட்டுக்குள் கருவியின் பதிப்பு எண்ணை லேசில் மாற்றுவதில்லை. புதிய பதிப்பில் வந்த பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் உருவியெடுத்துப் பழைய பதிப்பின் மேல் ஒட்டுவார்கள். பேக்போர்ட் என்பது இதுதான். 3.10.12 அப்படியே நிற்கும், அதன் பின்னால் வரும் ஒட்டு எண் மட்டும் கூடிக்கொண்டே போகும். ‘ஆப்ட் பாலிசி பைத்தான்3.10’ என்று கேட்டால் முழு எண்ணும் தெரியும். ‘ஆப்ட் சேஞ்ச்லாக் பைத்தான்3.10’ என்று கேட்டால் எந்தெந்த சி.வி.இ. எண்ணுக்கு (பாதுகாப்பு ஓட்டைக்குத் தரும் பொது அடையாள எண்) ஒட்டுப் போட்டார்கள் என்று தேதியோடு வரும். தணிக்கைக்காரர் சொல்லும் சி.வி.இ. எண்ணை அதில் தேடி எடுத்து, அந்தப் பக்கத்தையே பதிலோடு இணைத்துவிடுங்கள். ரெட் ஹாட் வகை என்றால் ‘ஆர்.பி.எம். -க்யூ --சேஞ்ச்லாக்’ அதே வேலையைச் செய்யும்.

ஆனால் ஒன்று. இப்படி வருபவை பாதுகாப்புத் திருத்தங்களும், பலரைப் பாதிக்கும் பெரிய பக்குகளுக்கான திருத்தங்களும் மட்டுமே. ஏதோ ஒரு மாட்யூல் தேதியைத் தப்பாகப் பிரிக்கிறது என்பது போன்ற சாதாரண பக்குக்கு ஒட்டுப் போட யாரும் மெனக்கெட மாட்டார்கள். அந்த மாதிரித் திருத்தம்தான் வேண்டுமென்றால் பைஎன்வ் அல்லது யூவி கொண்டு தனியாக ஒரு பைத்தானை நிறுவி, உங்கள் பயன்பாட்டை அதில் ஓட்டுங்கள்.

தனியாக என்பதை அழுத்தியே சொல்கிறோம். சிஸ்டத்தின் ‘பைத்தான்3’ இணைப்பைப் புதிய பைத்தானுக்குத் திருப்பிவிட்டவர்களின் கதி நன்றாகத் தெரிந்த கதை: அடுத்தமுறை புது ரெப்பாசிட்டரி சேர்க்கும் கட்டளையை ஓட்டும்போது ‘நோ மாட்யூல் நேம்டு ஆப்ட்_பி.கே.ஜி.’ என்று விழும். அந்தக் கருவிகளே பைத்தானில் எழுதப்பட்டவை. குறிப்பிட்ட பதிப்புக்கென்று கம்பைல் செய்த மாட்யூலை நம்பி ஓடுபவை. டெபியன் 12, உபுண்டு 23.04 முதல், லைப்ரரிகளை நிறுவும் பிப் கட்டளையும் சிஸ்டம் பைத்தானில் கை வைத்தால் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு’ என்று மறுத்துவிடுகிறது. அதை மீறும் தெரிவுக்கு ‘--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இதைவிட வெளிப்படையாக எச்சரிக்க முடியாது.

கேள்வி: விண்டோஸில் பைத்தான் 3.11.9 வைத்திருக்கிறேன். அதற்கு மேற்பட்ட 3.11 பதிப்புகளின் பக்கத்தில் இன்ஸ்டாலரே காணோம். தளத்தில் ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை, இனி வரவும் வராது. 3.12 வரையிலான பைத்தான் வரிசைகளுக்கு முதல் ஒன்றரை ஆண்டுதான் முழுத் திருத்தங்கள், 3.13 முதல் அது இரண்டு ஆண்டு. அதன் பிறகு ஐந்தாம் ஆண்டு முடியும்வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும், அதுவும் மூல நிரலாக மட்டும். 3.11 வரிசையில் இன்ஸ்டாலரோடு வந்த கடைசிப் பதிப்பு 3.11.9. 3.10-க்கு அது 3.10.11. விண்டோஸில் இருப்பவர் அடுத்த வரிசைக்கு ஏறிவிடுவதே புத்திசாலித்தனம். மூலத்திலிருந்து கட்டுவது முடியாத காரியமில்லை, ஆனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதைச் செய்ய வேண்டியிருக்கும்.

கேள்வி: அப்டேட் முடிந்தது என்று இன்ஸ்டாலர் சொல்கிறது. பதிப்பைக் கேட்டால் பழைய எண்ணே வருகிறது. இரண்டுமுறை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் அதே கதை.

புதியது நிறுவப்பட்டிருக்கிறது, நீங்கள் கூப்பிடும்போது பழையது ஓடி வருகிறது. கணினியில் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியலான ‘பாத்’ வரிசையில் பழையது முன்னால் நிற்கிறது.

லினக்ஸ், மேக்கில் ‘டைப் -ஏ’ போட்டுக் கருவியின் பெயரைக் கொடுங்கள். எத்தனை பிரதிகள், எந்த வரிசையில் என்று காட்டும். வரிசை சரியாக இருந்தும் பழையதே வந்தால், பேஷ் தன் நினைவில் பழைய இடத்தை வைத்திருக்கிறது. ‘ஹேஷ் -ஆர்’ என்று தட்டினால் மறந்துவிடும். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் ‘வேர்’ கட்டளை இதே வேலையைச் செய்யும். ஆனால் பவர்ஷெல்லில் வெறும் ‘வேர்’ என்பது வேறொரு கட்டளையின் சுருக்கப் பெயர், ஒன்றுமே காட்டாது. அங்கே ‘வேர்.இஎக்ஸ்இ’ என்று முழுதாகத் தட்டவும். விண்டோஸ் முதலில் சிஸ்டம் பாத்தையும் அதன் பின்னால் பயனர் பாத்தையும் ஒட்டுகிறது. ஆகவே ‘எனக்கு மட்டும்’ என்று நிறுவிய புதிய கருவி, ‘எல்லோருக்கும்’ என்று எப்போதோ நிறுவிய பழையதற்குப் பின்னால்தான் நிற்கும். மறுபடி மறுபடி நிறுவுவதால் இது தீராது. பழையதை நீக்குங்கள், அல்லது வரிசையை மாற்றுங்கள்.

பாத்தை மாற்றிய பின் எடிட்டரை முழுதாக மூடித் திறக்க மறக்காதீர்கள். எடிட்டருக்குள் இருக்கும் டெர்மினலை மட்டும் மூடித் திறந்தால், எடிட்டர் கிளம்பியபோது வாங்கி வைத்த பழைய பாத்தைத்தான் அதற்கும் கொடுக்கும். ஜாவாக்காரர்களுக்கு இன்னொன்று: நிரலைக் கட்டும் கருவியான மேவன், ‘ஜாவா_ஹோம்’ எதைக் காட்டுகிறதோ அதை எடுத்துக்கொள்ளும். ‘ஜாவா -வெர்ஷன்’ புதியதைக் காட்டி, ‘எம்.வி.என். -வெர்ஷன்’ பழையதைக் காட்டினால் கோளாறு அங்கேதான்.

கேள்வி: கோ மொழியின் திருத்தப் பதிப்பை எங்கள் எல்லாக் கணினிகளிலும் ஏற்றிவிட்டோம். ஆனால் வாடிக்கையாளரிடம் ஓடும் எங்கள் நிரலில் அந்தப் பக் இன்னும் இருப்பதாகச் சொல்கிறார்கள். எப்படி?

நீங்கள் சரிசெய்தது அச்சை. ஏற்கெனவே வார்த்துக் கொடுத்த பாத்திரம் பழைய ஓட்டையோடு அவர்கள் வீட்டில் இருக்கிறது.

கோ கம்பைலர் தன் அடிப்படை லைப்ரரியை நிரலுக்குள்ளேயே கட்டிவிடும். அந்த லைப்ரரியில் இருந்த பக் வாடிக்கையாளரின் கோப்புக்குள் உறைந்திருக்கிறது. புதிய கோ கொண்டு மறுபடி கட்டி அனுப்பினால்தான் போகும். ரஸ்ட்டும் அப்படித்தான். வாடிக்கையாளரிடம் இருக்கும் கோப்பு எந்தக் கோ பதிப்பில் கட்டியது என்று தெரியாவிட்டால் ‘கோ வெர்ஷன் -எம்’ என்று கொடுத்து அந்தக் கோப்பின் பெயரைத் தட்டுங்கள். கட்டிய கோவின் எண்ணும் உள்ளே போன லைப்ரரிகளின் எண்ணும் வரிசையாக வந்துவிடும். 1.21 முதல் ‘கோ.மாட்’ கோப்பில் ‘டூல்செயின்’ வரியாகக் குறைந்தபட்சப் பதிப்பை எழுதிவைக்கலாம். அதைவிடப் பழைய கோ உள்ள கணினியில் யாராவது கட்ட முயன்றால், இயல்பான அமைப்பில் அதுவே புதியதை இறக்கிக்கொள்ளும். 

விண்டோஸில் சி++ எழுதுபவர்களுக்கு இதே கேள்வி வேறு உருவில் வரும். ‘/எம்.டி.’ தெரிவுகளில் இரண்டு உண்டு, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிற சங்கடம்! ‘டி’ என்பது டைனமிக்கைக் குறிக்கும் வகையில் கட்டினால், ரன்டைம் தனி டி.எல்.எல். ஆக வெளியே இருக்கும். வாடிக்கையாளர் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிளைப் புதுப்பித்தால் ரன்டைமில் இருந்த பக் போய்விடும், நீங்கள் எதுவும் அனுப்ப வேண்டாம். ஸ்டாட்டிக் வகையில் கட்டினால் எல்லாம் உள்ளே, மறுபடி கட்டித்தான் அனுப்ப வேண்டும். ஆனால் பக் இருந்தது கம்பைலர் உருவாக்கிய கட்டளைகளிலேயே என்றால் எந்த வகையானாலும் மறுகட்டல்தான்.

இது இன்றைய தொல்லை இல்லை. டர்போ பாஸ்கல் 7-இல் சி.ஆர்.டி. யூனிட் தொடங்கும்போது, ஒரு கடிகாரத் துடிப்பான 55 மில்லிசெகண்டில் வெற்றுச் சுழல் எத்தனைமுறை ஓடுகிறது என்று எண்ணி, அதை 55 ஆல் வகுக்கும். விடை 16 பிட்டுக்குள் அடங்கும் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். ஏறக்குறைய 200 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கு மேல் கணினிகள் வந்தபோது விடை அடங்காமல் ‘ரன்டைம் எர்ரர் 200’ என்று நிரல் திறக்கும்போதே விழுந்தது. லைப்ரரிக் கோப்புக்கு ஒட்டு வந்தது. மூல நிரல் கையில் இருந்தவர்கள் மறுபடி கம்பைல் செய்து தப்பித்தார்கள். மூலத்தைத் தொலைத்தவர்களுக்காகக் கட்டிய கோப்பையே நேராகக் கிழித்துத் தைக்கும் சிறு கருவிகள் புழங்கின. எந்த வெளியீட்டை எந்தக் கம்பைலரில் கட்டினோம் என்று ஒரு வரி எழுதி வைக்கும் பழக்கம் இல்லாத இடத்தில் இன்றைக்கும் அதே கதைதான்.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்ட் திட்டத்தின் பேக்கேஜ்.ஜேசன் கோப்பில் ஒரு லைப்ரரிக்கு ^1.4.2 என்று போட்டிருக்கிறேன். 1.4.5-இல் எனக்கு வேண்டிய திருத்தம் வந்துவிட்டது. என்.பி.எம். இன்ஸ்டால் எத்தனைமுறை கொடுத்தாலும் 1.4.2-ஐ விட்டு நகரமாட்டேன் என்கிறது.

கூரை அடையாளம் சொல்வது ‘1.4.2 முதல் 2.0.0-க்குக் கீழே எதுவானாலும் சரி’ என்பது மட்டுமே. எது என்று முடிவு செய்வது, நிறுவிய எண்களைப் பூட்டி வைக்கும் ‘பேக்கேஜ்-லாக்.ஜேசன்’ என்ற லாக் கோப்பு. அதில் 1.4.2 என்று எழுதியிருக்கும்வரை ‘இன்ஸ்டால்’ அதை மதித்து நடக்கும். அது பக் இல்லை, அதற்காகத்தான் லாக் கோப்பே இருக்கிறது. ‘என்.பி.எம். அவுட்டேட்டட்’ கொடுத்தால் மூன்று எண்கள் வரும்: இப்போது இருப்பது, உங்கள் வரம்புக்குள் கிடைக்கக்கூடியது, உலகிலேயே புதியது. நடு எண்ணில் 1.4.5 தெரிந்தால் ‘என்.பி.எம். அப்டேட்’ என்று அந்த ஒரு லைப்ரரியின் பெயரைக் கொடுங்கள். லாக் கோப்பு மாறும், அதையும் கமிட் செய்யுங்கள். லாக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி நிறுவச் சொல்லும் ஆலோசனை அடிக்கடி கண்ணில் படும். ஒரு லைப்ரரிக்காக நானூறு லைப்ரரிகளை ஒரே மூச்சில் மாற்றுகிற வேலை அது. பிறகு எது கெட்டதென்று தேட முடியாது.

பூஜ்யத்தில் தொடங்கும் எண் என்றால் கூரையின் பொருளே மாறும். ^0.4.2 என்பது 0.5.0-ஐ எட்டாது, ^0.0.3 என்பது அந்த ஒரே பதிப்புதான்.

நடு எண் புதியதைக் காட்டியும் பக் போகவில்லை என்றால் ‘என்.பி.எம். எல்.எஸ்.’ என்று பெயரைக் கொடுத்துப் பாருங்கள். வேறொரு லைப்ரரிக்கு உள்ளே பழைய பிரதி ஒன்று ஒளிந்திருக்கும். பேக்கேஜ்.ஜேசனில் ‘ஓவர்ரைட்ஸ்’ பகுதியில் 1.4.5 என்று எழுதி அதையும் ஏற்றலாம். ‘ஆடிட் ஃபிக்ஸ்’ கட்டளையோடு ‘--ஃபோர்ஸ்’ சேர்க்கும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். நீங்கள் போட்ட வரம்பைத் தாண்டிப் பெரிய பதிப்புக்கும் அது தாவும்.

கேள்வி: டாக்கரில் ‘பைத்தான்:3.12’ என்று அடிப்படை இமேஜ் வைத்துக் கட்டுகிறோம். புதிய திருத்தம் தானாக வந்துவிடும்தானே?

வராது. அந்தப் பெயர் தளத்தில் நகர்ந்துகொண்டே இருக்கும், உங்கள் கணினியில் ஒருமுறை இறக்கிய பிரதி நகராது. கட்டும் கட்டளையில் ‘--புல்’ சேருங்கள். இமேஜுக்குள் நீங்களாக ஆப்ட் மூலம் நிறுவியவை கேஷிலிருந்து வந்துவிடும், அதற்கு அவ்வப்போது ‘--நோ-கேஷ்’ போட்டுக் கட்ட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை ஆள் தலையிடாமல் அப்படி ஒரு பில்ட் ஓடும்படி வைத்தால் போதும்.

கேள்வி: அப்டேட் வந்தவுடன் ஏற்றுவதா, பொறுத்திருப்பதா? எங்கள் குழுவில் இரண்டு கட்சி.

இரண்டு கட்சிக்கும் கையில் ஆதாரம் உண்டு. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியின் ஓட்டை வெளிவந்தபோது காத்திருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அவசரமாக 2.15.0-க்கு ஏறியவர்களுக்கும் நிம்மதி இல்லை. அந்தத் திருத்தம் அரைகுறை என்று 2.16.0 வந்தது, பிறகு 2.17.0, மாதம் முடிவதற்குள் 2.17.1. மறுபக்கம், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்.ஸெட். கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் புகுத்தப்பட்டிருந்தது 2024 மார்ச்சில் அம்பலமானபோது, மாட்டியவர்கள் சோதனைக் கிளைகளில் சுடச்சுட ஏற்றியவர்கள்தான். மெதுவாக நகரும் நிலையான விநியோகங்களுக்கு அது வந்தே சேரவில்லை. 2025 செப்டம்பரில் சாக், டீபக் உள்ளிட்ட பிரபலமான என்.பி.எம். பேக்கேஜுகளில் நஞ்சு கலந்த பதிப்புகள் ஏறின. சில மணி நேரத்தில் நீக்கிவிட்டார்கள். அந்தச் சில மணி நேரத்தில் புதியதை இறக்கியவர்களுக்குத்தான் ஆபத்து.

எங்கள் கருத்து இது. ஏற்கெனவே தாக்குதலில் பயன்படும் ஓட்டைக்கான திருத்தம் என்றால் அன்றே ஏற்றுங்கள், அடுத்தடுத்து இன்னும் வரும் என்று எதிர்பார்த்து அந்த வாரத்தை ஒதுக்குங்கள். மற்றவற்றை ஒரு வாரம் ஆறவிடுங்கள். என்.பி.எம்.-க்கு மாற்றான பி.என்.பி.எம். கருவியில் 10.16 முதல் இதற்கென்றே ‘மினிமம்ரிலீஸ்ஏஜ்’ என்ற அமைப்பு இருக்கிறது. நிமிடக் கணக்கில் எழுத வேண்டும், ஏழு நாளுக்கு 10080. நாள் என்று நினைத்து வெறும் 7 போட்டால் ஏழு நிமிடக் காவல்தான் கிடைக்கும்.

கேள்வி: எங்கள் ஆய்வுக்கூடக் கணினிகளுக்கு இணையம் கிடையாது. விஷுவல் ஸ்டுடியோ, பைத்தான் லைப்ரரிகள் இரண்டுக்கும் திருத்தங்களை எப்படிக் கொண்டுபோவது?

விஷுவல் ஸ்டுடியோவுக்கு லேஅவுட் என்ற வழி உண்டு. இணையமுள்ள கணினியில் சிறிய தொடக்க இன்ஸ்டாலரை இறக்கி, ‘--லேஅவுட்’ தெரிவோடு ஒரு ஃபோல்டர் பெயரைக் கொடுத்து ஓட்டுங்கள். ‘--ஆட்’ போட்டு வேண்டிய பகுதிகளை மட்டும் சொல்லுங்கள், ‘--லாங்’ போட்டு ஒரே மொழியைச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் எல்லா மொழியும் எல்லாப் பகுதியும் சேர்ந்து பல பத்து ஜி.பி. இறங்கும். ஃபோல்டர் பாதையைச் சுருக்கமாக வையுங்கள். எண்பது எழுத்துக்குள் இருக்கட்டும் என்பது மைக்ரோசாஃப்ட்டின் பரிந்துரை. அதை மீறினால் உள்ளே இருக்கும் நீளமான கோப்புப் பெயர்களோடு சேர்ந்து விண்டோஸின் பாதை வரம்பை முட்டும். அடுத்த மாதம் திருத்தம் வரும்போது அதே ஃபோல்டரைக் கொடுத்து மறுபடி ஓட்டினால் மாறியவை மட்டும் இறங்கும்.

ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய் லேஅவுட்டுக்குள் இருக்கும் இன்ஸ்டாலரை ‘--நோவெப்’ சேர்த்து ஓட்டுங்கள். அங்கே கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று நின்றால் பதற வேண்டாம். இணையம் இல்லாத கணினியில் மூலச் சான்றிதழ்கள் பழசாகிக் கிடக்கும். லேஅவுட்டுக்குள் ‘சர்ட்டிஃபிகேட்ஸ்’ என்றே ஒரு ஃபோல்டர் இருக்கிறது, அதில் உள்ளவற்றை முதலில் நிறுவிவிட்டுத் தொடருங்கள்.

பைத்தானுக்கு ‘பிப் டவுன்லோட்’. தேவைப் பட்டியல் கோப்பை ‘-ஆர்’ கொண்டும், சேமிக்கும் ஃபோல்டரை ‘-டி’ கொண்டும் கொடுங்கள். இறக்கும் கணினி லினக்ஸ், போய்ச்சேரும் கணினி விண்டோஸ் என்றால் லினக்ஸுக்கான வீல் கோப்புகள் (முன்பே கட்டிய பொதிகள்) இறங்கி, அங்கே போய் ‘பொருத்தமான பதிப்பு இல்லை’ என்று நிற்கும். ‘--பிளாட்ஃபார்ம்’, ‘--பைத்தான்-வெர்ஷன்’, ‘--ஒன்லி-பைனரி’ மூன்றையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். அங்கே நிறுவும்போது ‘--நோ-இண்டெக்ஸ்’ சேர்த்து, ‘--ஃபைண்ட்-லிங்க்ஸ்’ கொண்டு அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள்.

பென் டிரைவில் நகலெடுத்த பெரிய கோப்புகளை எஸ்.எச்.ஏ.-256 (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) போட்டுச் சரிபாருங்கள். விண்டோஸில் ‘சர்ட்யூட்டில் -ஹேஷ்ஃபைல்’ என்று கோப்பின் பெயரைக் கொடுத்து, கடைசியில் ‘எஸ்.எச்.ஏ.256’ என்று சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் அது எஸ்.எச்.ஏ.1 கணக்கிடும், 64 எழுத்துக்குப் பதில் 40 எழுத்து வரும். பொருந்தவில்லையே என்று மறுபடி இறக்கப் போய்விடாதீர்கள்.

கேள்வி: ஜாவா 17 எல்.டி.எஸ். (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) என்கிறார்கள். திருத்தம் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும்? பணம் கட்ட வேண்டுமா?

ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களில் வரும். எத்தனை ஆண்டு வரும், இலவசமா என்பது நீங்கள் யாருடைய ஜே.டி.கே.யை (ஜாவா கருவித் தொகுப்பை) எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எல்.டி.எஸ். என்பது விநியோகிப்பவர் தரும் வாக்கு, மொழிக்கு அப்படி ஒரு முத்திரை கிடையாது. எக்லிப்ஸ் டெமுரின், அமேசான் கொரெட்டோ போன்றவை ஓபன்ஜே.டி.கே. மூலத்திலிருந்து கட்டி இலவசமாகத் தருகின்றன. எல்.டி.எஸ். அல்லாத ஜாவா பதிப்பை எடுத்தால் ஆறு மாதத்தில் கடை கட்டிவிடுவார்கள்.

கேள்வி: எனக்கு வேண்டிய திருத்தம் முதன்மைக் கிளையில் இருக்கிறது, வெளியீடு எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. அதுவரை என்ன செய்வது?

முதலில், எந்தப் பதிப்பு வரை சரியாக இருந்தது என்று பாருங்கள். பின்னால் ஒரு படி இறங்குவது பல நேரம் எல்லாவற்றையும்விட மலிவு. எது என்று தெரியாவிட்டால், கமிட்டுகளைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் ‘கிட் பைசெக்ட்’ இருக்கிறது. ஆயிரம் கமிட்டுகளுக்கு நடுவே ஒளிந்திருந்தாலும் பத்துச் சோதனையில் பிடித்துவிடும். எடிட்டர் எக்ஸ்டென்ஷன் என்றால் இன்னும் சுலபம். வி.எஸ். கோடில் அதன் பல்சக்கரத்தைத் தட்டி ‘இன்ஸ்டால் ஸ்பெசிஃபிக் வெர்ஷன்’ கொடுத்து முந்தைய எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

பின்வாங்க முடியாது என்றால் கமிட் எண்ணைச் சொல்லியே அந்த லைப்ரரியை இழுக்கலாம். பிப் அதை கிட் முகவரியிலிருந்து நேராக வாங்கும், கோ மொழியில் ‘ரீப்ளேஸ்’ வரி, ரஸ்ட்டின் கார்கோ கருவியில் ‘பேட்ச்’ பகுதி. கிளையின் பெயரை மட்டும் போட்டுவிடாதீர்கள். இன்று கட்டியதும் நாளை கட்டுவதும் வேறு வேறாகிவிடும். என்.பி.எம். லைப்ரரியில் இரண்டு வரி மாற்றினால் போதும் என்றால் ‘நோட்_மாட்யூல்ஸ்’ ஃபோல்டருக்குள்ளேயே மாற்றிவிட்டு ‘பேட்ச்-பேக்கேஜ்’ ஓட்டுங்கள். மாற்றத்தை ஒரு கோப்பாக எடுத்துவைக்கும், பேக்கேஜ்.ஜேசனின் ‘போஸ்ட்இன்ஸ்டால்’ வரியில் அதைச் சேர்த்துவிட்டால் ஒவ்வொருமுறை நிறுவும்போதும் மறுபடி ஒட்டும்.

எந்த வழியானாலும் அந்த வரிக்கு மேலே புகார் எண்ணையும், ‘இந்தப் பதிப்பு வந்தால் நீக்கவும்’ என்பதையும் குறிப்பாக எழுதுங்கள். எழுதாமல் விட்ட ஒட்டு ஒன்று, மூன்று வெளியீடு கழித்து, ஏற்கெனவே சரியான இடத்தை மறுபடி கெடுத்துக்கொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்கப்போகிறவர் கருவியைத்தான் திட்டுவார்.